மயங்க விரும்புவோர் மஞ்சள் கோட்டைத் தாண்டவும்

தாம்பரம் ரயில் நிலையத்து மேம்பாலப் படிகளில் பாதி ஏறியதும் சாம்பசிவன் நின்று, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு கீழே நிற்கும் ரயில்களை வேடிக்கை பார்ப்பார். ரயில்கள்மேல் அவருக்கு எந்த ஆசையும் கிடையாது. வாங்குகிற மூச்சை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஒருநாள் பார்வை தெரியாத மிட்டாய் வியாபாரி ஒருவர் அவரைத் தாண்டி ஏறிப் போகும்போது, "என்ன சார், இழுக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே சாம்பசிவன் டாக்டரிடம் போனார்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில், இறந்தவர்களின் குடும்பத்தார் அனுப்பும் மனுக்களைப் பரிசீலிக்கும் பிரிவில் வேலை. இறந்தவர் உண்மையிலேயே இறந்துவிட்டாரா என்று சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குபவர். இந்தச் சந்தேகம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. பால் பாக்கெட், பஸ் போர்டு, மனைவி போடும் காப்பி எல்லாவற்றையும் அவர் இரண்டு தரம் பார்ப்பார். சமீப காலமாக மேஜைக்கு வருகிற மனுக்களில் தன் வயது ஆசாமிகள் அதிகமாகி வருவதையும் கவனித்திருந்தார்.

டாக்டர் ஜெயஸ்ரீ எல்லாச் சோதனையும் செய்து பார்த்தாள்.

"இதயம் நல்லாத்தான் இருக்கு சார். சோம்பேறியா இருக்கு, அவ்வளவுதான். நடங்க. முதல்ல பத்து நிமிஷம் போதும், சமதரையில. பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச வரலைன்னா வேகத்தைக் குறைங்க. முடிக்கறப்ப டக்குனு நிக்காதீங்க, மெதுவாக்கி மெதுவாக்கி நிறுத்துங்க. வாராவாரம் கொஞ்சம் கூட்டிக்கலாம். நெஞ்சை அழுத்தினாலோ தலை சுத்தினாலோ அதோட நிறுத்திட்டு என்கிட்ட வாங்க."

"மாத்திரை?"

"வேண்டாம்."

சாம்பசிவன் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மாத்திரை எழுதாத டாக்டரை அவர் அதுவரை பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி அபிதகுஜாம்பாளுக்கும் அதே சந்தேகம்தான்.

"மாத்திரையே குடுக்கலையா? அப்படின்னா பெரிய வியாதின்னா. வெளில சொல்ல மாட்டேங்கறா. நீங்க தனியா எங்கயும் நடக்க வேண்டாம். ஏரிக்கரையில மன்றம்னு ஒண்ணு இருக்கே, அதுல சேருங்கோ. விழுந்தாலும் நாலு பேர் பார்த்துப்பா."

செம்பாக்கத்தில் அவர்கள் குடியிருந்த சௌபாக்யா நகரின் கோடியில் ஏரிக்கரை. அங்கே 'சௌபாக்யா நகர் ஏரிக்கரை இதய நல நடைப்பயிற்சி மன்றம்' இயங்கி வந்தது. மறுநாள் காலை சாம்பசிவன் போனபோது கரைமேல் ஏறும் வழியில் ஒரு சங்கிலி கட்டியிருந்தது. சங்கிலிக்கு இந்தப் பக்கம், தரையில் மஞ்சள் பெயின்டில் தடியாக ஒரு கோடு. அந்தப் பக்கம், சிவப்பு இதயம் அச்சடித்த பனியனும் கழுத்தில் விசிலுமாக மன்றத்தின் செயலாளர் ஜெயவேலு. பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"எங்க வந்தீங்க?"

"நடக்கலாம்னு."

"வீட்டுலேர்ந்து இங்க எப்படி வந்தீங்க?"

"நடந்துதான்."

"அனுமதி இல்லாமலா?" என்றார் ஜெயவேலு. அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

சங்கிலிக்குப் பின்னால் ஆளுயரப் பலகை ஒன்று நின்றது. 'இம்மன்றத்தில் இன்றுடன் விபத்தில்லா நாட்கள்' என்ற வாசகத்துக்குக் கீழே சாக்பீஸில் ஓர் எண். எண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மன்றம் தொடங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை என்று சாம்பசிவனுக்குத் தெரியும். அதைக் கேட்டும்விட்டார்.

"நல்ல கேள்வி," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மன்றத் தலைவர் சுப்ரமணியன். உயரமான மனிதர், மீசைக்கு மை தடவியிருந்தார். திருமுடிவாக்கத்தில் இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பலகையை அங்கிருந்துதான் கொண்டுவந்திருந்தார். "மன்றம் தொடங்கறதுக்கு முன்னாடியும் மன்றத்துல எந்த விபத்தும் நடக்கலையே சார்? அந்த நாளையெல்லாம் விட்டுட முடியுமா?"

பிறகு, புதிதாகச் சேர வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த வரவேற்புரையை ஆற்றினார்.

"பாதுகாப்புன்னா என்னன்னு என் சர்வீஸைக் கேளுங்க. ஒரு விபத்து கிடையாது. ஒரு பையனுக்கு விரல் போச்சு, இல்லேங்கலை. எப்பப் போச்சு? ஷிப்ட் முடிஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு. ஷிப்ட் முடிஞ்சப்புறம் அந்த விரலுக்கு மெஷின்ல என்ன வேலைன்னு நான் கேட்டேன். இன்னிக்கு வரைக்கும் பதில் வரலை. இங்கயும் அப்படித்தான். இந்த ஊர்ல எத்தனையோ பேர் நடந்து நடந்து மயங்கி விழறான். நம்ம மன்றத்துல ஒருத்தர் விழுந்தார்னு காட்டுங்க, நான் மீசையை எடுத்துடறேன்."

"விழாம எப்படி சார் பார்த்துக்கறீங்க?"

"நடக்க விட்டாத்தானே விழுவாங்க?"

சாம்பசிவன் இது வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தார். இல்லை. மன்றத்தில் அமர்வோர், நிற்போர், நடப்போர் என்று மூன்று படிநிலைகள் இருந்தன. புதியவர்கள் அமர்வோர். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, நடப்போர் நடப்பதைக் கவனிக்க வேண்டும். தேர்வானால் நிற்கலாம். சாம்பசிவனுக்குப் பக்கத்தில் இருந்தவர் எட்டு மாதமாக அமர்வோர். தினமும் கூட்டம் முடிந்ததும் மன்றம் தருகிற பொங்கலும் வடையும் சாப்பிட்டுத்தான் வீட்டுக்குப் போவதாகவும், ஏழு கிலோ கூடியிருப்பதாகவும் சொன்னார். "ஆனா இதுவரைக்கும் ஒரு ஆபத்தும் வரலை பாருங்க," என்றார்.

நடப்போர் நடந்த விதமும் பார்க்க வேண்டியதாகவே இருந்தது. முதலில் கொடிப் பாட்டு, பிறகு உறுதிமொழி, பிறகு பாதுகாப்புச் சிந்தனை. எல்லாம் முடிந்து வெயில் ஏறியபின் தலைவர் முன்னே போக, மற்றவர்கள் இரண்டு இரண்டு பேராகப் பின்னால் போனார்கள். தலைவரை யாரும் முந்தக் கூடாது. தலைவர் ஒவ்வொரு மின்கம்பத்தடியிலும் நின்று, நடப்பதன் நன்மைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். மூன்றாவது கம்பம் வரை போய்த் திரும்பினார்கள். பொங்கல் வந்துவிட்டது.

மன்றத்தின் விதிகளைச் செயலாளர் சத்தமாக வாசித்துக் காட்டினார். பதினோராவது விதி கொஞ்சம் நீளம். உறுப்பினர் எவருக்கேனும் மயக்கம் வருவதாகத் தோன்றினால், அவர் உடனடியாகத் தாமே நடந்து சென்று மஞ்சள் கோட்டைத் தாண்டி, அதன்பின் மயங்க வேண்டும்.

"தாண்ட முடியலைன்னா?" என்று சாம்பசிவன் கேட்டார்.

ஜெயவேலு கண்ணாடியைக் கழற்றி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யார் சார்? உங்களை யார் அனுப்பினாங்க? கோவிலம்பாக்கத்துல புதுசா ஒரு மன்றம் ஆரம்பிச்சிருக்கானுங்களே, அவனுங்களா?"

அன்றிலிருந்து மன்றத்துக்கு அவர்மேல் ஒரு கண். அவருக்கோ மன்றத்தின்மேல் முதல் நாளிலிருந்தே இரண்டு கண்களும் இருந்தன.

நிற்போர் தேர்வுக்கு, அவர் நடக்கத் தகுதியானவர் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும் என்றார்கள். ஜெயஸ்ரீ சிரித்துக்கொண்டே ஒரு துண்டுக் காகிதத்தில் 'இவர் நடக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மன்றத்தின் செயற்குழு அந்த இரண்டு சொற்களை ஒரு மணி நேரம் ஆராய்ந்தது.

"நடக்கலாம்னு எழுதியிருக்காங்க," என்றார் தலைவர். "நடக்கலாம்னா? என்ன வேணா நடக்கலாம். அதைத்தானே சார் நானும் சொல்றேன்? இந்தம்மா எச்சரிக்கை குடுத்திருக்காங்க, உங்களுக்குப் புரியலை."

சாம்பசிவன் மறுபடி பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டார். மூன்றாவது வாரம் மேம்பாலத்தில் முன்பைவிட நாலு படி கீழேயே நின்று ரயில் பார்க்க வேண்டி வந்தது. அத்தோடு மன்றத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டில் சொல்லவில்லை. மன்றத்துக்குப் போவதுபோலக் கிளம்பி, ஏரிக்கு எதிர்த் திசையில் நடந்தார்.

முதல் இரண்டு நாள் தெருநாய்கள் அவரைச் சந்தேகித்தன. அதைவிடப் பெரிய சங்கடம், பேசிக்கொண்டே நடக்கச் சொல்லியிருந்தாள் டாக்டர். யாரோடு பேசுவது? தனியாகப் பேசிக்கொண்டு நடந்தபோது வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் தெருவில் மீன்கூடையோடு ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, தெருத் தெருவாக மீன் விற்கும் அங்காளம்மாள். தலையில் கூடை இருந்ததால் அவள் ஒரே சீராக நடந்தாள், அதிக வேகமும் இல்லை, நிற்பதும் இல்லை. சாம்பசிவன் அவளுக்குப் பத்தடி பின்னால் நடக்க ஆரம்பித்தார். மூன்றாம் நாள் அவள் சட்டென்று திரும்பினாள்.

"இன்னா சார், நானும் பாத்துகினே கீறேன், என் பின்னாடியே வந்துகினு கீறே? மீன் வாங்கற மூஞ்சியும் இல்ல."

"டாக்டர் நடக்கச் சொன்னாங்கம்மா."

"நட. ரோடு நீட்டுக்கும் கீது. என் பின்னாடி இன்னாத்துக்கு?"

"பேசிக்கிட்டே நடக்கணுமாம். மூச்சு சரியா இருக்கான்னு அப்பத்தான் தெரியுமாம்."

அங்காளம்மாள் கூடையைச் சரிசெய்துகொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வூட்டாண்ட வண்டி வெச்சிகினு கீறே, நான் பாத்துக்கீறேன். எனுக்கு மட்டும் ஒரு வண்டி கெடைச்சா ஒரு அடி நடக்க மாட்டேன். நீ இன்னாடான்னா சும்மானாச்சும் நடக்கறே. எதுவோ ஒளிக்கிறே நீ."

இந்தச் சந்தேகம் அவளை விட்டுக் கடைசிவரை போகவில்லை. இருந்தாலும் பேச்சு நிற்கவில்லை. மருமகள், பஸ் கண்டக்டர், ஐஸ் விலை, பக்கத்துக் குப்பத்துக்காரர்களின் அக்கிரமம் என்று அவள் பேசுவாள். சாம்பசிவன் பதில் சொல்வார். பதில் சொல்ல மூச்சு வராவிட்டால், "கொஞ்சம் மெதுவாம்மா," என்பார். "இன்னா பேஜாரு இது," என்று முணுமுணுத்தபடி அவள் வேகத்தைக் குறைப்பாள். முதலில் ஒரு தெரு, பிறகு இரண்டு தெரு, பிறகு கேம்ப் ரோடு திருப்பம் வரை. அவள் மீன் நிறுத்துக் கொடுக்கும்போது அவர் நின்று இளைப்பாறுவார். டாக்டர் திட்டம் போட்டுக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

ஒருநாள் மேம்பாலத்தின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், நடுவில் ரயில் பார்க்க மறந்துவிட்டது அவருக்கு உறைத்தது. நம்ப முடியாமல் கீழே இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தார். உண்மைதான்.

அந்த வாரத்தில் அங்காளம்மாளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "சார், சும்மாத்தான வர்றே, எனுக்கோசரம் ரெண்டு தபா கூவேன்," என்றாள். சாம்பசிவன் தயங்கினார். ஆனால் நடந்துகொண்டே பேச முடிகிறது, கூவ முடியுமா என்று பார்த்துவிடும் ஆர்வமும் இருந்தது. அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, "மீனேய்... மீனு!" என்று கூவினார். குரல் தெருக்கோடி வரை போயிற்று. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இன்னொரு தரம் கூவினார். அது அவருடைய சொந்தத் தெரு என்பது, மாடி ஜன்னல் திறந்து அபிதகுஜாம்பாள் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கிட்டே வந்து மூக்கை உறிஞ்சினாள்.

"ஏன்னா, ரெண்டு மாசமா உங்க சட்டையில என்ன வாசனைன்னு யோசிச்சிண்டே இருந்தேன். வஞ்சிரம்!"

"அது வஞ்சிரம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அபிதகுஜாம்பாள் விறுவிறுவென்று அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று முதல் இருவரும் ஒருவரையொருவர் சம அளவில் சந்தேகப்பட்டதால் வீட்டில் அமைதி நிலவியது.

மன்றம் அப்படி விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெயவேலு நேரில் வந்து, விசாரணைக்கு ஆஜராகும்படி சொன்னார். சாம்பசிவன் மீது குற்றச்சாட்டுகள் மூன்று. மேற்பார்வையின்றி நடந்தது. அங்கீகாரம் பெறாத பயிற்சியாளரிடம் பயிற்சி பெற்றது. மன்றத்துக்குத் தெரிவிக்காமல் இதயத்தை உபயோகித்தது.

"அந்தப் பொம்பளைக்கு என்ன தகுதி?" என்று கேட்டார் சுப்ரமணியன். "நீங்க நடந்து நல்லாயிட்டீங்கன்னு நாளைக்கு ஊர்ல பேச்சு வரும். அமர்வோர் எல்லாம் எழுந்திருச்சு நடக்க ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் மன்றம் எதுக்கு? ஒரு உயிர் போனா நான் பொறுப்பு எடுத்துக்க முடியாது சார். அதனாலதான் சொல்றேன், உயிர் எங்க போனாலும் இங்க போகக் கூடாது."

அத்தோடு நிறுத்தியிருந்தால் சாம்பசிவன் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பார். ஆனால் மன்றம் இன்னொன்றும் செய்தது. நடைப்பயிற்சிக்கு இடையூறு என்று சொல்லி, அங்காளம்மாள் இனி நகருக்குள் கூடையோடு வரக் கூடாது என்று தெருமுனைகளில் அறிவிப்பு ஒட்டியது. மறுநாள் அவள் தெருமுனையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தாள். ஐஸ் உருகி அவள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"உன்னாலதான் சார். அப்பவே தெரியும் எனுக்கு, நீ சும்மா வரலன்னு," என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் திரும்பி வந்தார். தலைவரிடமே போய், தான் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகவும் அவளை விட்டுவிடும்படியும் சொன்னார். தலைவர் மகிழ்ந்து, அதை இதய தின விழா மேடையில் கேட்டால் போதும் என்றார்.

விழாவன்று ஏரிக்கரையில் ஷாமியானா போட்டு, உள்ளூர் கேபிள் டிவிக்காரர் ஒருவர் கேமராவோடு வந்திருந்தார். மேடை ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு, 'முறையின்றி நடந்து, திருந்தியவர்' என்று எழுதிய அட்டையைச் சாம்பசிவன் சட்டையில் குத்தி உட்கார வைத்தார்கள். தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார்.

"மற்ற மன்றங்கள் உங்களை நடக்கச் சொல்லும். நடப்பது யாருக்கும் வரும். நடக்காமல் இருக்கப் பயிற்சி தருவது இந்த மன்றம் ஒன்றுதான்!"

கைதட்டல் அடங்கியதும் கொடியசைத்து நடைப்பயணம் தொடங்க வேண்டும். தலைவர் மூன்றாவது மின்கம்பத்தை நோக்கி ஓர் அடி வைத்ததும் கேமராக்காரர், "கட் பண்ணுங்க சார். இது டிவில சவ ஊர்வலம் மாதிரி தெரியும். ஓடுங்க சார், நல்லா இருக்கும்," என்றார்.

சுப்ரமணியன் ஒரு கணம் தயங்கினார். எதிரே மொத்த மன்றமும் பார்த்துக்கொண்டிருந்தது. மன்றம் தொடங்கியதிலிருந்து அவர் மூன்று கம்பத்துக்குமேல் நடந்ததில்லை. மீசையைத் தடவிக்கொண்டு, எடுத்த எடுப்பிலேயே வேகமாக ஓட ஆரம்பித்தார். முதல் கம்பம் வரை நன்றாகத்தான் ஓடினார். இரண்டாவது கம்பத்தில் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சாம்பல் நிறமாகி, வேர்வை ஆறாக ஓடியது. இடது கையால் நெஞ்சைப் பிடித்தபடி மெதுவாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"உட்கார்றார், விழலை!" என்று ஜெயவேலு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "எல்லாரும் பார்த்துக்குங்க, தானாத்தான் உட்கார்றார்!"

நடப்போர் நாலு பேர் ஓடிவந்து தலைவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினார்கள். சங்கிலியை அவிழ்த்துவிட்டு, மஞ்சள் கோட்டை நோக்கி அவரை நடத்திக்கொண்டு போக முயன்றார்கள். "இன்னும் கொஞ்சம் தூரம்தான் தலைவரே, எட்டி வைங்க," என்று ஜெயவேலு உற்சாகப்படுத்தினார். சுப்ரமணியனும் உதடுகள் நீலம் பாய்ந்த நிலையில் தலையை ஆட்டி, கால்களை இழுத்துப் போட்டார்.

அந்த முகத்தைச் சாம்பசிவனுக்குத் தெரியும். அவருடைய மேஜைக்கு வரும் மனுக்களில் ஒட்டியிருக்கும் படங்கள், இதற்குக் கொஞ்சம் முந்தைய நிலையில் எடுத்தவை. நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தார்.

"ஆளை நடக்க வைக்காதீங்க! கீழ விடுங்க!"

அவர் போட்ட சத்தத்தில் நாலு பேரும் விட்டுவிட்டார்கள். சாம்பசிவன் சுப்ரமணியனை அப்படியே சாய்த்து உட்கார வைத்து, பனியனைக் கழுத்தருகே கிழித்துவிட்டார். ஆட்டோ நிறுத்தம் தெருவின் மறு கோடியில் இருந்தது. ஓடிப்போய்க் கூப்பிட நேரம் இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்து, "ஆட்டோஓ..." என்று கூவினார். ஏரியில் இருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன. தெருக்கோடியில் ஓர் ஆட்டோ திரும்பியது.

தலைவரை ஏற்றும்போது ஜெயவேலு குறுக்கே வந்து, சாம்பசிவன் காதருகே குனிந்தார். "ஆஸ்பத்திரியில கேட்டா மன்றத் தலைவர்னு சொல்லிடாதீங்க. நேத்து சாயந்திரமே வாய்வார்த்தையா ராஜினாமா பண்ணிட்டார். இப்பத்தான் ஏத்துக்கிட்டோம்."

ஆட்டோ மேட்டில் ஏறி இறங்கியபோது சுப்ரமணியன் கண்ணைத் திறந்தார்.

"கோட்டைத் தாண்டிட்டோமா?"

"தாண்டிட்டோம் சார்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரத்தக் குழாயில் அடைப்பு, சமயத்தில் வந்தீர்கள் என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மன்றத்திலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை. உறுப்பினர் அல்லாதவரின் நோய் மன்றத்தின் வரம்புக்குள் வராது என்று புதிய தலைவர் ஜெயவேலு விளக்கினார். பலகையில் எண் ஒரு நாள்கூடத் தவறாமல் கூடிக்கொண்டே போனது. பதவியேற்பு விழாக்களின் மும்முரத்தில் தெருமுனை அறிவிப்புகளைக் கவனிக்க ஆளில்லாமல், அவை மழையில் நனைந்து உதிர்ந்துவிட்டன. அங்காளம்மாள் வழக்கம்போல நகருக்குள் வர ஆரம்பித்தாள். சாம்பசிவனோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேசாமல் நடப்பது அவளுக்கே கஷ்டமாகப் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, சாம்பசிவன் வாசல் கதவைத் திறந்தபோது வெளியே சுப்ரமணியன் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். மீசை முழுக்க வெள்ளை.

"டாக்டர் நடக்கச் சொல்றாங்க சார். கொஞ்சம் கொஞ்சமா. மன்றத்துக்குப் போனேன். பெஞ்சுல உட்காரச் சொல்றான் ஜெயவேலு. நான் போட்ட விதிதான், ஒண்ணும் பேச முடியலை." வாசலில் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். "உங்ககூட வரட்டுமா?"

சாம்பசிவன் அவரை இரண்டு தரம் பார்த்தார். இதில் எங்கோ ஓர் உள்நோக்கம் இருக்க வேண்டும் என்று பட்டது. ஆனால் அந்த மனிதர் நிற்பதற்கே வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். "வாங்க," என்றார்.

"இன்னா சார், இன்னொர்த்தரா?" என்றாள் அங்காளம்மாள். "போற போக்கப் பாத்தா மீனுக்குப் பின்னாடி ஒரு கட்சியே வரும் போலக் கீது."

முதல் நாட்களில் சுப்ரமணியன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச மூச்சில்லை. இரண்டு வீடு தள்ளி நிற்பார், பிறகு மெல்ல வருவார். மற்ற இருவரும் அவருக்காக வேகத்தைக் குறைத்தார்கள். ஒருநாள், "வெயில்," என்றார். இன்னொரு நாள், "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி," என்றார். உடம்பு தேறுவதற்கு அடையாளமாக அவருடைய வாக்கியங்கள் நீண்டன. சாம்பசிவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, வாக்கியங்கள் பத்திகளாகிற வரைக்கும்.

கேம்ப் ரோடு திருப்பத்தில் ஒரு காலை சுப்ரமணியன் மூச்சு இரைக்காமல் சொன்னார். "நான் யோசிச்சுப் பார்த்தேன் சார். நாம மூணு பேர் தினமும் ஒண்ணா நடக்கறோம். ஆனா எந்த அமைப்பும் இல்லாம நடக்கறோம். அம்மா கௌரவத் தலைவரா இருக்கட்டும். நீங்க பொருளாளர். பெரிசா எதுவும் வேண்டாம், ஒரு பேர், ஒரு சின்னப் பலகை..."

"இன்னா சொல்றாரு இவுரு?" என்றாள் அங்காளம்மாள்.

"சங்கம் வெக்கணுமாம்."

அவள் கூடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எட்டி நடை போட்டாள். சாம்பசிவனும் வேகமாக நடந்தார். பின்னால் குரல் விடாமல் வந்தது. "விதிகள் ஒரு பத்துக்கு மேல வேண்டாம்னு நினைக்கறேன்..." சாம்பசிவனின் கால்கள் தாமாகவே எழும்பின. அவருடைய வாழ்க்கையில் முதல்முறையாக, பஸ்ஸோ ரயிலோ எதுவும் முன்னால் இல்லாமல், அவர் ஓடினார். ஒரு தெரு முழுக்க ஓடினார். மூச்சு சீராக இருந்தது. நெஞ்சில் பாரம் இல்லை. திருப்பத்தில் வேகத்தைக் குறைத்து, மெதுவாக்கி, நின்று திரும்பிப் பார்த்தார்.

தூரத்தில் சுப்ரமணியன் மின்கம்பத்தடியில் நின்றிருந்தார். வலது கை தலைக்கு மேல் உயர்ந்திருந்தது. ஆடவில்லை, அசையவில்லை, உதவி கேட்கிற மாதிரி அப்படியே நின்றது.

சாம்பசிவனுக்கு உயிரே போய்விட்டது. வந்த வழியே திரும்பி ஓடினார். அங்காளம்மாளும் கூடையை யார் வீட்டு வாசலிலோ இறக்கிவிட்டு ஓடிவந்தாள்.

"சார்! என்ன சார், நெஞ்சு வலியா?"

"இல்லையே," என்றார் சுப்ரமணியன், தூக்கிய கையைக் கீழே இறக்காமல். "தீர்மானத்துக்கு ஆதரவா என் ஓட்டு. எதிர்க்கறவங்க யாராவது இருக்கீங்களா?"